சிறு விவசாயிக்கும் உலகச் சந்தைக்கும் நடுவே இருப்பது என்ன?

உலகத்தில் சுமார் 60 கோடி விவசாயப் பண்ணைகள் உள்ளன என்பது ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பின் கணக்கு. ஆறு பண்ணைகளை எடுத்தால் அதில் ஐந்து, இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அதாவது ஐந்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். உலகின் விவசாய நிலத்தில் இவற்றின் பங்கு 12 சதவீதம்தான். ஆனால் உலக உணவு உற்பத்தியில் மதிப்பளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

இவ்வளவு விளைவிப்பவர்கள் உலகச் சந்தையில் ஏன் இவ்வளவு பலவீனமாக நிற்கிறார்கள்? பொருளாதாரம் படிக்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். முதலில் ஒரு குழப்பத்தை மட்டும் விலக்கிக்கொள்ள வேண்டும்.

சிறு விவசாயிகளுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்று அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் அடிக்கடி சொல்கின்றன. கேட்டால், இவர்கள் எல்லோரும் சந்தைக்கு வெளியே நிற்பது போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் விளைகிறது. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள். காபியும் அப்படித்தான். உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட காபித் தோட்டங்கள் இருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை சிறியவை. இந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உலகச் சந்தைக்குத்தான் விளைவிக்கின்றன. வறுமை மட்டும் விட்டபாடில்லை.

ஆகவே இங்கே இரண்டு வகையான சிக்கல்கள் இருக்கின்றன. பச்சைக் காய்கறி, பழம், கடலை போன்றவற்றை விளைவிப்பவர்களில் பலரால் ஏற்றுமதிக்குள் நுழையவே முடிவதில்லை. கொக்கோ, காபி, தேயிலை விளைவிப்பவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். விலையில் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால் மருந்து மாறிப்போகும்.

ஒரு கன்டெய்னரின் கணக்கு

முதல் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு போதும். காபிக் கொட்டை கடல் கடந்து போவது பெரும்பாலும் 20 அடி கன்டெய்னரில். அதில் 60 கிலோ மூட்டைகள் சுமார் 320 பிடிக்கும். எடை 19 டன்னுக்குச் சற்று மேல். ஒரு சிறு விவசாயி ஒரு பருவத்தில் 400 கிலோ காய்ந்த கொட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கன்டெய்னரை நிரப்ப 48 விவசாயிகளின் மொத்த விளைச்சல் வேண்டும். அந்த 48 பேருடைய கொட்டையும் ஏறக்குறைய ஒரே ஈரப்பதத்தில், ஒரே தரத்தில், ஒரே வாரத்தில் ஒரு கிடங்குக்கு வந்து சேர வேண்டும்.

இப்போது செலவைப் பாருங்கள். பூச்சி, நோய் இல்லை என்ற தாவர நலச் சான்று, ஆய்வகப் பரிசோதனை, சுங்க ஆவணங்கள், வாங்குபவருக்கு அனுப்பும் மாதிரி, ஒப்பந்தம் எழுதும் வேலை என்று வரிசையாக இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, ஒரு டன் அனுப்பினாலும் 19 டன் அனுப்பினாலும் ஏறக்குறைய அதே செலவுதான். பெரிய தோட்டத்துக்குக் கிலோவுக்குச் சில காசுகளாகக் கரைந்துபோகும் இந்தச் செலவு, சிறு விவசாயியின் தலையில் விழுந்தால் லாபம் முழுவதையும் தின்றுவிடும். இத்தனைக்கும் ஏக்கருக்கு எடுக்கும் விளைச்சலிலோ உழைப்பிலோ சிறு விவசாயி குறைந்தவர் அல்ல. அளவு சிறியது என்பதுதான் அவரை வெளியே நிறுத்துகிறது.

இங்கே இடைத்தரகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிறு விவசாயியின் எல்லாத் துன்பத்துக்கும் தரகர்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 48 வீடுகளுக்கு வண்டி எடுத்துப் போய், எடை போட்டு, அங்கேயே ரொக்கம் கொடுத்து, சரக்கை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு நிஜமான வேலை. யாராவது அதைச் செய்தே ஆக வேண்டும். ஒரு ஊருக்கு நான்கு வியாபாரிகள் வந்தால் அவர்களுக்குள் போட்டி இருக்கும், விவசாயிக்கு விலை கேட்டுப் பார்க்க இடம் இருக்கும். ஒரே ஒருவர் மட்டும் வந்து, விதைக்கும் மருத்துவச் செலவுக்கும் முன்கூட்டியே கடன் கொடுத்தவரும் அவராகவே இருந்தால், விலையை அவர்தான் சொல்வார்.

நூறு டன்னில் ஒரு கிராம்

சரக்கைச் சேர்த்துவிட்டாலும் எல்லை தாண்ட வேண்டும். உணவுத் தரத்துக்கான உலகப் பொது விதிகளை வகுப்பது, 1963 முதல் கூடி வரும் கோடெக்ஸ் ஆணையம். 1995-ல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, உணவுப் பாதுகாப்புக்காகவும் தாவர, விலங்கு நலத்துக்காகவும் ஒரு நாடு கட்டுப்பாடு விதித்தால் அதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்ற ஒப்பந்தமும் சேர்ந்தே வந்தது. ஆதாரம் இருந்தால், கோடெக்ஸைவிடக் கடுமையான விதியையும் ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கடுமை? தனியாக வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நூறு டன் காய்கறியில் ஒரு கிராம் மருந்து என்று அர்த்தம். பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலோ, வேறு பயிருக்குப் பயன்படுத்திய தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் விட்டாலோ இந்த வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு.

கென்யாவின் பச்சை பீன்ஸ் இதற்குப் பொருத்தமான உதாரணம். ஐரோப்பியச் சந்தையில் மிக மெல்லிய ரகம் என்று விற்க வேண்டுமானால் காயின் அகலம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் பறிக்காமல் விட்டால்கூடக் காய் தடித்து ரகம் மாறிவிடும். இப்படி ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பறிக்கும் வேலையைக் குடும்ப உழைப்பில் நடக்கும் சிறு வயல்கள் நன்றாகவே செய்தன. அதனால் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். 2013-ன் தொடக்கத்தில், டைமீத்தோயேட் என்ற பூச்சிமருந்தின் எச்சம் காணப்பட்டதால், கென்ய பீன்ஸில் பத்துக்கு ஒரு சரக்கைச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவிட்டது. ஏற்றுமதியாளர்கள் என்ன செய்வார்கள்? நூற்றுக்கணக்கான வயல்களில் யார் எந்த மருந்து அடித்தார் என்று தேடுவதைவிட, மருந்துப் பதிவேடு ஒரே இடத்தில் இருக்கும் பெரிய பண்ணையிடம் வாங்குவது அவர்களுக்குப் பாதுகாப்பு. தவறு செய்யாத சிறு விவசாயியும் இதில் அடிபட்டுப் போகிறார்.

அரசு விதிகளோடு இது முடிவதில்லை. ஐரோப்பாவின் பெரிய சில்லறைக் கடைகள் 1997-ல் தாங்களே ஒரு தரமுறையை உருவாக்கின. 2007 முதல் அதற்குக் குளோபல்கேப் என்று பெயர். சட்டப்படி அது கட்டாயமில்லை. ஆனால் பெரிய கடைகள் அதைக் கேட்கும்போது வேறு வழியும் இல்லை. மருந்து வைக்கத் தனி அறை, கை கழுவும் இடம், ஒவ்வொரு தெளிப்புக்கும் எழுத்துப் பதிவு, ஆண்டுதோறும் தணிக்கை என எல்லாம் வேண்டும். பல விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று வாங்கவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் தொண்டு நிறுவனங்களின் உதவியில் சான்று வாங்கிய குழுக்கள், அந்த உதவி நின்றதும் புதுப்பிக்க முடியாமல் விட்டுவிடுவது பல இடங்களில் நடந்திருக்கிறது.

இந்த விதிகளே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. நேரடியாகச் சாப்பிடும் கடலையில் அது கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இது ஏழை நாடுகளின் ஏற்றுமதியை நசுக்குகிறது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் திருப்பி அனுப்பப்படும் கடலை, தேறாது என்று ஒதுக்கப்படும் கடலை எங்கே போகிறது? பல இடங்களில் விளைவித்த ஊரின் சந்தைக்கும், விவசாயியின் சொந்த வீட்டுச் சமையலுக்கும்தான். அறுவடை முடிந்ததும் காயை நன்றாக உலர்த்தி, ஈரம் ஏறாத இடத்தில் வைத்தால் இந்த நஞ்சு வெகுவாகக் குறையும். அதற்கான தார்ப்பாயும் களமும் கிடங்கும் யார் செலவில் வரும் என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

சங்கம் சேர்ந்தால் தீர்ந்துவிடுமா?

அளவு சிறியது என்றால் ஒன்று சேர வேண்டியதுதானே என்று தோன்றும். சரியான பதில்தான். கூட்டுறவுச் சங்கம் சரக்கைச் சேர்க்கிறது, சான்றுச் செலவைப் பங்கிடுகிறது, ஏற்றுமதியாளரோடு நேரே பேசுகிறது. ஆனாலும் நிறைய சங்கங்கள் தடுமாறுகின்றன. திருட்டும் ஊழலும் சில இடங்களில் உண்டு. அதைவிடப் பரவலான காரணம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. பணம் கைக்கு வரும் நாள்தான் அது.

அறுவடை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சங்கம் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கிறது; ஆனால் சரக்கைக் கொடுத்த அன்று அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். சரக்கு கப்பலேறி, வாங்கியவர் பணம் அனுப்பி, கணக்கு முடித்த பிறகுதான் மீதி. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இந்த வாரம் கட்ட வேண்டும். பறிப்புக்கு வந்தவர்களுக்கு இன்று சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டும். வயல் ஓரத்தில் வியாபாரி ரொக்கத்தோடு நிற்கிறார். விலை கொஞ்சம் குறைவு; ஆனால் பணம் இப்போதே. விவசாயி மூன்று மூட்டையை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் சங்கத்துக்குக் கொண்டுபோகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் ஊரில் பாதிப்பேர் இப்படிச் செய்தால் சங்கத்தால் கன்டெய்னரை நிரப்ப முடியாது. வாங்குபவரிடம் கொடுத்த வாக்கு தவறுகிறது. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தம் வராது.

அதனால்தான், ஒரு சங்கம் நிலைக்குமா என்று பார்க்க, அது சொல்லும் விலையைவிட அறுவடைக் காலத்தில் அதன் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்பேன். சிறு விவசாயிகளுக்கு நியாயமான விலை கிடைக்க முத்திரை வழங்கும் பன்னாட்டு அமைப்பான ஃபேர்ட்ரேட்டின் விதிகளில், சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை வாங்குபவர் முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் முத்திரையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கென்யத் தேயிலையில் வேறொரு வழி வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள், தாங்களே பங்கு வைத்திருக்கும் ஆலைகளுக்கு இலை கொடுக்கிறார்கள். பறித்த இலை அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும் என்பதால் ஊர்தோறும் சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன. மாதாமாதம் ஒரு தொகை, வருடக் கடைசியில் விற்ற விலையைப் பொறுத்து இன்னொரு தொகை என்று பணம் பிரித்து வருகிறது. நிர்வாகத்தைப் பற்றிய புகார்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் அந்த அமைப்பு அறுபது ஆண்டுகளாக நிற்கிறது.

சங்கம் இல்லாமலும் வழி உண்டு, ஒப்பந்தச் சாகுபடி. மடகாஸ்கரின் மலைப்பகுதியில் ஒரு நிறுவனம் ஏறக்குறைய 10,000 சிறு விவசாயிகளிடம் ஐரோப்பியக் கடைகளுக்காகப் பீன்ஸ் விளைவித்து வாங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு துண்டு நிலம்தான். விதை, உரம், மருந்து எல்லாம் கடனாகக் கொடுத்து, மருந்தடிப்பதை நிறுவனத்தின் ஆட்களே கண்காணித்தார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த குடும்பங்களில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான மாதங்கள் குறைந்திருந்தன. பீன்ஸுக்குக் கற்றுக்கொண்ட உர முறையால் அதே நிலத்தில் நெல் விளைச்சலும் கூடியிருந்தது. சிறு விவசாயியால் உயர்ந்த தரத்தை எட்ட முடியாது என்பவர்களுக்கு இது நேரடியான மறுப்பு. வாங்குபவர் ஒருவர்தான் என்ற பலவீனம் மட்டும் இதிலும் அப்படியே இருக்கிறது. அவர் விலகினால் மாற்று கிடையாது.

உள்ளே இருப்பவர்களின் விலை

இனி இரண்டாவது சிக்கல். காபியின் விலை, விளையும் ஊரில் முடிவாவதில்லை. அராபிகா ரகத்துக்கு நியூயார்க் பொருள் சந்தையில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஓடும் விலைதான் அடிப்படை. 1962-ல் கையெழுத்தான பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின்கீழ் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதி அளவு ஒதுக்கி விலையைத் தாங்கிப் பிடித்தார்கள். 1989-ல் அந்த ஏற்பாடு முறிந்தது. 2001-ல் விலை 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. பல நாடுகளில் அது பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாது. காபிச் செடி நட்டுக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விலை விழுந்ததும் வேறு பயிருக்குத் தாவிவிட முடியாது.

ஃபேர்ட்ரேட் இதற்கு ஒரு தரை விலையை, அதாவது அதற்குக் கீழே போகக் கூடாத குறைந்தபட்ச விலையை வைக்கிறது. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு அது 2023 முதல் பவுண்டுக்கு 1.80 டாலர், சங்கத்தின் பொதுப்பணிகளுக்காகக் கூடுதலாக 20 சென்ட். நல்ல ஏற்பாடு. ஆனால் சான்று வாங்கிய சங்கத்தின் சரக்கு முழுவதையும் அந்த நிபந்தனையில் வாங்க ஆள் இருப்பதில்லை. பல சங்கங்கள் ஒரு பகுதியை மட்டும் அப்படி விற்று, மீதியைச் சாதாரண விலைக்கே கொடுக்கின்றன.

கொக்கோவில் அரசுகளே முயன்றன. ஐவரி கோஸ்ட்டும் கானாவும் 2019-ல் சேர்ந்து, சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 400 டாலர் கொடுத்தாக வேண்டும் என்று அறிவித்தன. அதை வாங்குபவர்கள் கொடுத்தார்கள். கூடவே, தரத்துக்காக வழக்கமாகத் தரும் வேறொரு கூடுதல் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் கொக்கோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இந்த இரண்டு நாடுகளின் விவசாயிகளுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. அறுவடைக்கு வெகு முன்பே, அப்போதிருந்த குறைந்த விலையில் சரக்கின் பெரும்பகுதியை அரசு அமைப்புகள் விற்றுவிட்டிருந்தன. விவசாயிக்கான விலையும் அதை ஒட்டியே நிர்ணயமானது. முன்கூட்டி விற்பது, விலை சரியும்போது விவசாயியைக் காப்பாற்றவே வந்த முறை. ஏறும்போது அதுவே தடையாகிவிட்டது.

கொட்டையாக விற்காமல் வறுத்துப் பொடியாக்கி விற்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் காபிக் கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கவரி இல்லை. வறுத்ததற்குப் பொது விகிதம் 7.5 சதவீதம். பதப்படுத்தப் பதப்படுத்த வரி ஏறுவது உலக வர்த்தகத்தின் பழைய அநீதி. ஆனால் வரி மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். எத்தியோப்பியா போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அங்கே 2001 முதலே வரிவிலக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் அந்நாட்டுக் காபி பெரும்பாலும் பச்சையாகத்தான் போகிறது. வறுத்த காபி சீக்கிரம் மணம் இழக்கும். கடை அலமாரியில் இடம்பிடிக்கப் பெரிய முதலீடு வேண்டும். கலவைக்குப் பல நாட்டுக் கொட்டைகள் வேண்டும்.

ஏற்றுமதி எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பொலிவியாவின் மேட்டுநிலத்தில் விளையும் கினோவா என்ற தானியத்துக்கு உலகமெங்கும் கிராக்கி ஏறி, 2014 வாக்கில் விலை உச்சம் தொட்டது. உடனே பெருவிலும் மற்ற நாடுகளிலும் சாகுபடி பெருகியது. ஓரிரண்டு ஆண்டுகளில் விலை சரிந்தது. கையில் இருந்த நிலம் முழுவதையும் அந்த ஒரு பயிருக்கு மாற்றியவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட சரிவில் அடி அதிகம். வீட்டுக்கான உணவுப் பயிரை விடாமல், நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுமதிக்கு ஒதுக்கும் விவசாயியைப் பழமைவாதி என்று சில திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. எனக்கு அவர் கணக்குத் தெரிந்தவராகவே தெரிகிறார்.

இப்போது வரும் வரைபடக் கேள்வி

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொக்கோ, காபி, செம்பனை, ரப்பர், சோயா, மாடு, மரம் ஆகியவையும் இவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்தவை அல்ல என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அமலாகும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. காடு அழிந்தால் மழை பொய்க்கும், முதலில் பாதிக்கப்படுவது அதே விவசாயிதான்.

பயிர்களைப் பொறுத்தவரை, விளைந்த ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் அளவீட்டில் கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லை முழுவதும். அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும். பெரிய தோட்டத்துக்கு இது ஒருநாள் வேலை. இரண்டு மூன்று துண்டுகளாக நிலம் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் யாராவது நடந்துபோய்க் குறித்து வர வேண்டும். பத்திரம் இல்லாமல் பரம்பரையாக உழுது வரும் நிலங்களும் அதில் உண்டு.

சட்டம் பொறுப்பை வைத்திருப்பது ஐரோப்பாவில் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனத்தின் மீது. அந்த நிறுவனமோ அதற்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரியோ ஆள் அனுப்பி நிலத்தைக் குறித்துக்கொண்டால், செலவு விவசாயியின் மீது விழாது. ஆனால் அந்தத் தகவல் அவர்களுடைய கணினியில் இருக்கும். அடுத்த பருவத்தில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால், காட்ட வரைபடம் இல்லாத விவசாயி பழைய வியாபாரியிடமே போக வேண்டியிருக்கும். சங்கமே நிலங்களைக் குறித்துத் தன் பதிவேட்டில் வைத்துக்கொண்டால், எந்த வாங்குபவரிடமும் அதைக் காட்டி விலை பேசலாம். ஒரு கைப்பேசியும் சில வாரப் பயிற்சியும் சம்பளம் வாங்கும் ஓரிரண்டு இளைஞர்களும் இதற்குப் போதும். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் சங்கங்களுக்கும் வாங்குபவர்களுக்கும் அரசுகளுக்கும் நடுவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் பேரம்.